சுவரில் ஆணி அடிக்கக் கூடாது

குடிவருபவர்களுக்கு நான் போடும் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுவேன். ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டில் கீழே நாங்களும் ஒரு ஐடி தம்பதியும், மாடியில் ஒற்றை அறை. சாமி படம் மாட்டக்கூட நான் விட்டதில்லை. சாமி அலமாரியில் உட்காரட்டும், கோபித்துக்கொள்ளாது.

அந்த மாடி அறையை என் கணவர் என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டார். அவர் ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது பேருக்குக் குறைந்து சாம்பார் வைக்க இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவரும் ஆவடிப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து, வீடில்லாமல் திரியும் பழைய சிப்பாய்களைத் தேடிப் பிடிப்பார்கள். பாதி வாடகைக்கு அறை பார்த்துக் கொடுத்து, மருந்து, பென்ஷன் தாள் என்று எல்லாவற்றுக்கும் கூடவே அலைவார்கள்.

"நம்ம ஊட்டு மாடி சும்மாத்தான கீது" என்றார். சும்மா ஒன்றும் இல்லை. என் வத்தல் மூட்டைகள் அங்கேதான் இருந்தன. அவற்றை வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

வந்தவர் அறுபதைத் தாண்டிய ஹவில்தார். தம்பிகளோடு ஏற்பட்ட தகராறில் வீடு போய், ரயில் நிலைய பெஞ்சில் மாதக்கணக்காகப் படுத்திருந்தவர். இதற்கு முன் கொடுத்த இரண்டு அறைகளிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தார். அதனால் நண்பர்கள் கறாராக இருந்தார்கள். ஒரு மாதம் பார்ப்பது, தங்கமாட்டார் என்று தெரிந்தால் காத்திருக்கும் அடுத்தவருக்கு அறையைக் கொடுத்துவிடுவது. நான் என் சட்டத்தைச் சொன்னேன். அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். என் சட்டத்துக்கு அந்த மரியாதை அதுவரை கிடைத்ததில்லை.

சும்மா உட்கார வைத்தால் போய்விடுவார் என்று கணவர் சொன்னதால், தண்ணீர் மோட்டார் போடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். காலை ஆறு மணிக்கு ஒரு விசில், தொட்டி நிரம்பினால் இரண்டு விசில். ஒரே வாரத்தில் ஐடி தம்பதியின் பக்கெட்டுகள் உயர வாரியாக வரிசையில் நிற்க ஆரம்பித்தன. எங்கள் தொட்டி வழிந்து தெருவில் ஓடுவதும் நின்றது.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. வத்தல் காயவைக்கும் சாக்கில் தினமும் மாடிக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். படுக்கை சுருட்டிக் கட்டியிருக்கும். கறுப்பு டிரங்குப் பெட்டி பூட்டியிருக்கும். வெளியே ஒரு துண்டுகூடக் கிடக்காது. பார்த்தால் அடுத்த ரயிலுக்குக் கிளம்பும் ஆள்தான். அதனால் தினமும் சாயங்காலம் நாளைக்கு என்ன சமையல் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். நாளைக்கு வஞ்சிரம் என்றால் மனுஷன் எப்படிப் போவான்? எனக்கு ஒருநாளாவது இப்படிச் சொன்னதுண்டா என்று கணவர் முறைத்தார். உண்மையில் எனக்குப் பயமாகவே இருந்தது. அந்த விசில் இல்லாத காலையை என்னால் நினைக்க முடியவில்லை.

மாதம் முடிந்ததும் நண்பர்கள் வந்தார்கள். அறையைப் பார்த்ததும் அவர்களில் மீசைக்காரருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னா தலீவரே, மூட்டை கட்டி ரெடியா கீறே போல. சொல்லிட்டன்னா ரூம அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்."

ஹவில்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்க சார் போறேன்? செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு அம்மா ஆர்டர். சட்டைய எங்க மாட்றது? அதான் பொட்டிலயே வெச்சிக்கினு கீறேன்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடமாக என் கணவரும் ராணுவப் பழக்கத்தில் எழுந்தவுடன் படுக்கையைச் சுருட்டிக் கட்டுகிறவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

கீழே போய் சுத்தியலும் ஒரு கை நிறைய ஆணியும் கொண்டுவந்து கொடுத்தேன். கணவர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

ஹவில்தார் நூல் பிடித்து அளந்து மூன்று ஆணி அடித்தார். ஒன்றில் சட்டை, ஒன்றில் துண்டு, ஒன்றில் விசில். சத்தம் கேட்டு ஓடிவந்த ஐடி தம்பதி, தங்கள் கடிகாரத்துக்கும் ஒரே ஒரு ஆணி என்று கெஞ்சினார்கள். சட்டம் சட்டம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி வந்தபோது எனக்குப் பகீர் என்றது. அதை என் முன்னால் வைத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

"நீங்க வெச்சிக்கங்கம்மா. எனக்கு இனிமே வேணாம்."

இப்போது அதில் என் வத்தல் இருக்கிறது.