வேனுக்கு நான் சொன்ன வழி

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதக் காலையில், என்னோடு பழகிய ஒருவனுக்குக் கிடைத்திருந்த நடிப்பு வேலையை நான் கெடுத்தேன். அவனைப் பற்றிப் பொய் எதுவும் சொல்லிக் கெடுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போகும் வழியைச் சொன்னேன், அவ்வளவுதான். பொய் சொல்லவில்லையே என்று பத்து வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் பசுமலையில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருந்தேன். ஊருக்குப் போனால் அப்பா வயலில் இறங்கச் சொல்வார். எங்கள் ஊர் திருநகரைத் தாண்டி கிழக்கே பிரியும் சாலையில் மூன்று மைல். நிலம் வைத்திருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அவனும் அதே ஊர்தான். ஊருக்கு வெளியே, கிழக்குப் பக்கம் இருந்த காலனியில் அவன் வீடு. அவனுடைய அப்பா சாகும் வரை எங்கள் வயலில் வேலை செய்தவர். அவன் பத்தாவது வரை படித்துவிட்டு, சிம்மக்கல்லில் ஒரு வத்தல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

ஊரில் எங்கள் தெருவைக் கடக்கும்போது அவன் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவான். டவுனில் என் அறைக்கு வந்து என் பாயில் உட்காருவான், என்னை மாப்ள என்று கூப்பிடுவான். அப்படி அவன் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. நான் பெரிய மனசுக்காரன் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொள்ள அது உதவியது. ஊரில் எங்கள் வீட்டுக்கு அவனை ஒரு நாளும் நான் கூப்பிட்டதில்லை.

அவன் பாடுவான். மிளகாய் நெடியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினால், எதிர் வரிசைக் கடைக்காரர்கள் மேலே பார்ப்பார்கள்.

தெற்கே சாத்தூர்ப் பக்கம் முகாம் போட்டு, மாசியில் தொடங்கி ஆடி வரை திருவிழா ஊர்களில் நாடகம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு டவுனிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். கம்பெனி மேனேஜர் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆர்மோனியக்காரர். நான் மூன்று பக்க வசனத்தைத் தடுக்காமல் ஒப்பித்தேன். அவன் ஒரு பாட்டில் பாதிதான் பாடினான். ஆர்மோனியக்காரர் வேண்டுமென்றே சுதியை ஏற்றினார், அவனும் சிரித்துக்கொண்டே ஏறினான்.

“ஏய், போதும்ப்பா. கூரை பிச்சுக்கிட்டுப் போயிரப் போகுது” என்றார் மேனேஜர். “ராஜபார்ட் நீதான்.”

பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி படிச்ச புள்ள. தூதன் வேசம் கட்டு. நோட்டீசு எழுது. எவனாச்சும் வசனத்த மறந்தா பின்னால நின்னு எடுத்துக் குடு.”

உடனே அவனிடம் அடுத்த கேள்வி கேட்டார். “எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு?”

கம்பெனியில் இதைக் கேட்காமல் யாரையும் சேர்ப்பதில்லை. முகாம் என்றால் ஏதாவது ஒரு தெருவில் வீடு வாடகைக்கு எடுத்து முப்பது பேர் ஆறு மாதம் தங்க வேண்டும். ஒரே சமையல், ஒரே பந்தி. வீட்டுக்காரர் வாடகையைப் பேசுவதற்கு முன்னால் தங்குகிறவர்கள் யார் யார் என்றுதான் விசாரிப்பார். அவன் என்னைப் பார்த்தான்.

“நம்ம ஊருதாண்ணே. நம்ம சொந்தக்காரப் பய” என்றேன்.

மேனேஜர் எங்கள் இருவருக்கும் என் அறை விலாசத்தையே எழுதிக்கொண்டார். படியில் இறங்கும்போது அவன் என் கையைப் பிடித்து நசுக்கினான். “மாப்ள, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்” என்றான். அன்று நான் சொன்னது மனசாரச் சொன்ன பொய். அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் இருந்தது. அவன் மறுநாளே மண்டி வேலையை விட்டான். வத்தல் தூசி குரலுக்கு ஆகாது. “போறதுன்னா போ, திரும்பி வந்து என் கடை முன்னால நிக்காத” என்று முதலாளி சொன்னதை எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தான். ஒரு டிரங்குப் பெட்டி வாங்கினான். முகாமில் அவரவர் தட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றதால் இருவரும் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி முதலெழுத்தை வெட்டிக்கொண்டோம். வேஷம் கட்ட ஒரு கைக்கண்ணாடி, துடைத்துக்கொள்ளப் பழைய வேட்டி, பனங்கற்கண்டு ஒரு பொட்டலம். நாளெல்லாம் என் அறையில் ஒத்திகை. நான் வசனத்தை வாசிப்பேன். ஒரு முறை கேட்டால் அவனுக்குப் பாடமாகிவிடும். நான் பி.ஏ. படித்ததற்கு அந்த ஒரு மாதம் கிடைத்த வேலை அதுதான்.

நாடகத்தில் தூதன் ஓடி வந்து ராஜாவின் காலில் விழ வேண்டும். அதையும் அவன் ஒத்திகை பார்க்கச் சொன்னான். என் அறைக்காரர்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னுங் குனி மாப்ள. ராசா பாக்க வேணாமா?”

“டேய், நெத்தி தரையில படலடா” என்றான் அறைக்காரர்களில் ஒருவன்.

“படும் படும். ஆறு மாசம் இருக்குல்ல. ஆடிக்குள்ள பழகிரும்” என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மனதில் ஒன்றுமில்லை, அது வெறும் கேலி. ஆனால் அவனுடைய அப்பா எங்கள் அப்பா முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தரையிலிருந்து எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது, இவன் போகக் கூடாது என்று நினைத்தேன். காரணம் தேடி வேறு எதையும் நான் சொல்ல முடியாது. அந்தச் சிரிப்புக்குத்தான் பழி வாங்கினேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள ஊருக்குப் போனான். புறப்படும் அன்று முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்குள் பெட்டியோடு அறைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. வேன் ஒன்பதுக்கு வர வேண்டியது, ஆறரைக்கே வந்துவிட்டது. உள்ளே மேனேஜர், ஆர்மோனியக்காரர், இன்னும் நாலைந்து நடிகர்கள்.

“எங்கய்யா நம்ம ராசா?” என்றார் மேனேஜர்.

“ஊருக்குப் போயிருக்கான்ணே. எட்டரைக்கு வந்துருவான்.”

“சரி, இட்லி தின்னுட்டு உக்காருவோம். ராசா இல்லாம எங்க போறது?”

அவர் காத்திருக்கத் தயாராக இருந்தார். நானும் அவரோடு இட்லி தின்றிருக்கலாம். “எதுக்குண்ணே காத்துக் கெடக்கணும்? போற வழிதானே. அவன் வீட்டு வாசல்லயே ஏத்திக்குவோம். நான் வழி சொல்றேன்” என்றேன். வாய்தவறி வந்ததல்ல. வேன் சொன்னபடி ஒன்பதுக்கு வந்து அவன் கூடவே இருந்தாலும் ஏதாவது சொல்லி அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

டிரைவருக்கும் மேனேஜருக்கும் நடுவே உட்கார்ந்து வழி சொன்னேன். பசுமலை, திருநகர், பிறகு கிழக்கே திரும்பும் சாலை. ஊர் வந்ததும் முதலில் எங்கள் தெரு.

“இதுவா?” என்றார் மேனேஜர்.

“இது எங்க தெருண்ணே. அவன் வீடு இன்னுங் கெழக்க.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஊரின் கடைசி வீடும் போய், களமும் போய், வேன் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

காலனியே வாசலில் நின்றது. வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு, பெட்டி பக்கத்தில் அவன் நின்றான். பஸ்ஸுக்கு வழியனுப்பக் கூடியிருந்தவர்கள் வேனே வந்துவிட்டதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவன் மட்டும் கைதட்டவில்லை. அவன் அம்மா ஓடி வந்தவர், முன் சீட்டில் என்னைக் கண்டதும் நாலடி பின்னால் நகர்ந்து நின்றார்.

“சின்னய்யா, நீங்களா வந்திருக்கீக? எங்க வாசலுக்கு நீங்க வரலாமா சாமி? சொல்லி அனுப்பியிருந்தா பய ஓடி வந்திருப்பானே!”

அந்த அம்மா அப்படித்தான் பேசுவார் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் வேனைக் கொண்டுவந்தேன். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு கலர் பாட்டில் எடுத்து வந்தார். வழியில் குடிக்க மகனுக்கு வாங்கி வைத்தது போலிருக்கிறது. தண்ணீர் தந்தால் வாங்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். “மூடி தெறக்கலைங்க சாமி. கடைச் சரக்குதான்” என்று மேனேஜரிடம் நீட்டினார்.

“வேணாம்மா. வயிறு சரியில்ல.”

பாட்டில் என் பக்கம் வந்தது. எனக்குத் தாகமாக இருந்தது, திறந்து குடித்தேன்.

மேனேஜர் கீழே இறங்காமலே அவனை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். “தம்பி, சாமான் நெறைய ஏறிருச்சு. வண்டியில எடமில்ல. லெட்டர் போடுறேன், அப்புறம் வா.”

பின்னால் ஒரு பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, “மாப்ள, நீ சொல்லு” என்றான்.

அவன் அம்மா அவன் முதுகில் ஓங்கி அறைந்தார். “யாரப் பாத்து என்னடா பேசுற?” மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. இருபத்தாறு வயது ஆள், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“அண்ணே சொன்னாச் சரியாத்தான் இருக்கும். லெட்டர் வரும்” என்றேன் நான்.

வேன் திரும்ப இடமில்லாமல் களம் வரை பின்னோக்கியே போனது. அதுவரை அவன் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றது தெரிந்தது.

“சொந்தக்காரன்னியேய்யா?” என்றார் மேனேஜர்.

“டவுனுல பழக்கம்ணே.”

“நல்ல வேளை. வீட்டுக்காரன் கண்டுபுடிச்சிருந்தா முப்பது பேரும் தெருவுல நிக்கணும்.”

“கொரலு போச்சேய்யா” என்றார் பின்னாலிருந்து ஆர்மோனியக்காரர்.

இதனால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ராஜபார்ட்டுக்கு இரண்டே நாளில் வேறு ஊரிலிருந்து ஆள் வந்தார். ஆடி வரை நான் அவர் காலில் விழுந்தேன். அவனுக்கு லெட்டர் போகவில்லை. திரும்பி வந்து பி.எட். படித்து, திருநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார் ஆனேன். அவன் பழைய மண்டிக்கே போனான். இரண்டு நாள் கடை முன்னால் நிற்க வைத்துவிட்டுத்தான் முதலாளி எடுத்துக்கொண்டாராம். சிம்மக்கல்லில் அவன் மூட்டையோடு வருவதைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். முதுகில் சுமையோடு வருகிறவனுக்கு நிமிர்ந்து பார்க்க முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

இப்படிப் பத்து வருடம் போனது. அதற்குள் அந்த ஆர்மோனியக்காரரே சொந்தமாகக் கம்பெனி வைத்துவிட்டார் என்று தெரிந்து அவரைப் போய்ப் பார்த்தேன். நான் செய்ததை மறைக்காமல் சொல்லி, அவனுக்கு ஒரு சீசன் கொடுக்கும்படி கேட்டேன். “அந்தக் கொரலுக்கு எந்தத் தெருவா இருந்தா எனக்கென்ன? அனுப்பு. நீ மட்டும் கூட வராத” என்றார்.

காலனிக்கு நடந்தே போனேன். அவன் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் மனைவி முன்னாலேயே சொன்னேன், வேனை அங்கே வேண்டுமென்றே கொண்டுவந்தேன் என்று.

“தெரியும் சார்” என்றான்.

“எப்போ?”

“உங்கள முன் சீட்டுல பாத்தப்பவே.”

சீசன் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்றான். அவன் மனைவிதான், “போயிட்டுத்தான் வாங்களேன். தெனமும் அதத்தானே சொல்லிக்கிட்டுக் கெடக்கீக” என்றாள். நாலு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, “போறேன் சார்” என்றான். தலைக்கு மை போட்டிருந்தான். மண்டி வேலையை மறுபடியும் விட்டிருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று மனைவியிடம் சொல்லி வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் திரும்பிவிட்டான். முதல் நாடகத்தில், மூன்றாவது பாட்டில், மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்து இருமல் வந்ததாம். பத்து வருட வத்தல் தூசி. கூட்டம் விசிலடித்து, “ராசாவுக்கு விக்கல், சோடா குடுங்கடா” என்று கத்தியது. அடுத்த இரண்டு நாடகங்களில் மந்திரி வேஷம் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஆர்மோனியக்காரர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் அவனே சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை.

“அன்னிக்கு நீங்க பண்ணுனதுல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு சார். அந்த வண்டியில மட்டும் ஏறியிருந்தா எங்கயோ போயிருப்பேன்னு மூட்டை தூக்கையில நெனச்சுக்குவேன். எம்பொண்டாட்டிகிட்ட, புள்ளைககிட்ட அதத்தான் சொல்லுவேன். பத்து வருசம் அத வச்சுத்தான் ஓட்டுனேன். இப்ப அதுவும் இல்ல. நாடகத்த வந்து பாத்தவன் எவனோ போயி ஊர்ல சொல்லிட்டான். எம்புள்ளைக சோடா வேணுமாப்பான்னு கேக்குதுக.”

“அது தூசியாலதானே. அப்பவே போயிருந்தா...”

“அப்பப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும்? விடுங்க.” எழுந்துகொண்டான். “எனக்கு இனிமே நல்லது ஏதும் பண்ணாதீக சார். கும்புட்டுக் கேட்டுக்கிறேன்.”

மண்டியில் இரண்டாம் முறை அவனைச் சேர்க்கவில்லை. திருமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் இரவுக் காவலுக்குப் போனான். அது என்னிடம் படித்த பையனின் வீட்டு ஆலை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பகல் வேலைக்கு மாற்றியிருப்பார்கள். அவன் அங்கே இருந்த ஏழு வருடமும் நான் சொல்லவில்லை.