பூத்துப்போன டயர்

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது, ஓடவில்லை. வாங்கிய கையோடு கணவர் துபாய்க்குப் போய்விட்டார். போகும்போது சாவியை மாமியாரிடம் கொடுத்தார், லைசென்ஸ் வைத்திருந்த என்னிடம் இல்லை. அந்தக் கோபத்தில் அன்று குழம்புக்கு நான் உப்பே போடவில்லை.

மாமியார் காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். டயர்மேல் அவ்வப்போது வெள்ளையாக ஏதோ படியும். "ஊறுகா மாதிரி பூத்துப்போச்சு பாரு" என்று வெள்ளிக்கிழமைதோறும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுத்தித் துடைப்பார். நாளாக ஆக டயரில் மெல்லிய வெடிப்புகள் விட்டன. வீடியோ காலில் அதைப் பார்த்த கணவர், "பேசாம வித்துடலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. அந்தக் காரை ஓட்ட எனக்கு அவ்வளவு ஆசை.

நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். அது பூஞ்சை இல்லை, மெழுகு என்று மாமியாரிடம் சொன்னேன். ரப்பரில் கலந்தே செய்வார்கள். அது மெல்ல மேலே வந்து, காற்றிலுள்ள ஓசோனால் ரப்பர் வெடிக்காமல் காக்கும்.

"ஓசோனா? ஓசியில வர்றதெல்லாம் இப்படித்தான் வேலையக் காட்டும். அப்ப நான் தொடச்சது?"

"காவலுக்கு நின்னவன வெரட்டி விட்டுட்டீங்க அத்த."

"அடக் கடவுளே! இப்ப என்ன பண்றது?"

"தொடைக்காதீங்க. நெழல்ல நிறுத்துவோம். முக்கியமா வண்டி ஓடணும். டயரு உருண்டாத்தான் உள்ள இருக்கிற மருந்து மேல வரும்."

சொன்னதில் என் ஆதாயமும் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் வேதியியலும் என் பக்கம்தான் இருந்தது.

டயர்க் கடைக்காரர் வந்து பார்த்து, மேலாகத்தான் வெடித்திருக்கிறது, ஓட்டலாம் என்றார். மாமியார் உடனே சாவியை நீட்டினார். முதலில் சிறுவாச்சூர் கோயில். அப்புறம் பாடாலூரில் அவர் தங்கை வீடு. பிறகு காரணமே தேவைப்படவில்லை. "டயருக்கு மருந்து வேணாமா?" என்று நான் பள்ளி விட்டு வந்ததும் வராததுமாக அவர் புடவை மாற்றி நிற்பார். கண்ணாடியை இறக்கிவிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டுவார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

கணவர் லீவில் வந்தபோது திருச்சி ஏர்போர்ட்டுக்கு நாங்களே போனோம். பெட்டியை வைத்துவிட்டு, "காரை ஒருத்தர் கேட்டிருக்காரும்மா" என்றபடி டிரைவர் பக்கம் வந்தார்.

முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் கேப்பான். வித்துட்டு நாங்க எதுல போறதாம்? பின்னாடி ஏறுடா, அவ வண்டிய எடுக்கட்டும்."