மச்சினனுக்கு ஒரு கூண்டு

விலங்குக் காட்சிசாலை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'செல்லாது'. பன்னிரண்டு வருடமாகத் தொலைபேசியில் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

விலங்குக் காட்சிசாலைகள் தங்களுக்குள் விலங்குகளைக் கொடுத்து வாங்கும்போது, ஒவ்வொரு விலங்குக்கும் எக்ஸ்எம்எல் என்னும் கணினி வடிவில் ஓர் ஆவணம் அவருடைய மாடியறைக்கு வரும். எந்த இடத்தில் எண் வேண்டும், எதைக் காலியாக விடக்கூடாது என்கிற விதிகளெல்லாம் ஸ்கீமா என்ற கோப்பில் இருக்கின்றன. ஆவணத்தை அதனோடு ஒரு நிரல் ஒப்பிட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை விழும், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்ததும் இவர் தொலைபேசியை எடுப்பார்.

"செல்லாதுங்க."

"ஏன் செல்லாது?"

"கரடியோட எடைன்னு கேட்டா 'பரவாயில்ல'ன்னு போட்டிருக்கீங்க."

வீட்டிலும் இதே கதைதான். மனைவி எழுதித் தரும் கடைச் சீட்டில் சோப்புக்கு எண்ணிக்கை இல்லையென்றால், சோப்பு வாங்காமலே திரும்பிவிடுவார். அவரால் சிவப்பு போட முடியாத ஒரே ஜீவன் மச்சினன். இரண்டு வாரம் தங்கி வேலை தேடுகிறேன் என்று வந்தவன், எட்டு மாதமாகக் கூடத்து சோபாவில் கிடந்தான். சோபாவின் பள்ளம் அவன் உருவத்தை மனப்பாடம் செய்துவிட்டிருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் அந்த மாதம் சிவப்பே விழவில்லை. வந்த முப்பத்தொரு ஆவணமும் பச்சை. மேலாளரம்மா அறைக்கு வந்து நின்றார்.

"எல்லாரும் திருந்திட்டாங்க போல!"

"திருந்துற ஆளுங்க இல்லீங்க மேடம்."

"தப்பே இல்லாத இடத்துல தப்பு பாக்குறவருக்கு என்ன வேலை? திங்கக்கிழமைலேர்ந்து கீழ டிக்கெட் கவுண்டருக்குப் போயிடுங்க. அங்க ஆள் இல்லாம வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

அவர் போனபிறகு இவர் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பன்னிரண்டு வருட முழங்கை பட்டு அது வழுவழுவென்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி எதையோ மென்றபடி உள்ளே எட்டிப் பார்த்தது. அதுவும் ஊர் மாறப் போகிறது. என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று அதன் பச்சை ஆவணத்தைத் திறந்தார். உயரம் என்ற இடத்தில், பராமரிப்பவர் தம் கைப்பட அடித்திருந்தார்: 'என்னைவிட ரொம்ப'.

இது எப்படிப் பச்சையானது? சந்தேகம் பிடித்தால் அவரைப் பிடித்தது பிடித்ததுதான். உடனே உட்கார்ந்து, ஒட்டகச்சிவிங்கியின் ஆவணத்தையே நகலெடுத்து ஒரு பொய் ஆவணம் எழுதினார். கைக்கு வந்த விலங்கு மச்சினன்.

இனம்: மச்சினன். உயரம்: படுத்தே இருப்பதால் தெரியவில்லை. உணவு: மிச்சம் வைக்காது. குணம்: சாது, ரிமோட்டைத் தொட்டால் மட்டும் உறுமும்.

நிரலில் போட்டார். பச்சை!

பிறகு மத்தியானம் முழுவதும் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஆவணத்தில் விலங்குக்கும் ஓர் 'உயரம்' உண்டு, கூண்டுக்கும் ஓர் 'உயரம்' உண்டு. குழம்பாமல் இருக்க, எந்தச் சொல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கூடவே ஒரு குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள். அதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். பார்வைக்கு இணைய முகவரி மாதிரி இருக்கும்; போய்ப் பார்த்தால் அங்கே ஈ காக்கா இருக்காது. இந்த மாதம் படிவம் புதுசாகிக் குடும்பப் பெயரும் மாறிவிட்டது. இவருடைய நிரலிடம் இருந்ததோ பழைய குடும்பத்தின் ஸ்கீமா. 'தெரியாத குடும்பமாக இருந்தால் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடு' என்று நிரலில் ஓர் அமைப்பு இருந்தது. அது உறையை மட்டும் பார்த்து, உள்ளே இருந்ததையெல்லாம் கும்பிட்டு அனுப்பியிருக்கிறது.

அந்த அமைப்பை வைத்தவர் யார்? மூன்று வருடத்துக்கு முன், ஒரு கால்நடை மருத்துவர் தம் சொந்தக் குறிப்புகளைச் சேர்த்தனுப்பித் தொல்லை தாங்காத ஒரு நாளில், இவரேதான். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நாற்காலி போகும். தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

அதற்குள் மேலாளரம்மாவின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போனால், தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. மறுமுனையில் வேறொரு காட்சிசாலைக்காரர்.

"சார், உங்க மச்சினனுக்குக் கூண்டு ரெடி. எப்ப அனுப்புறீங்க?"

பச்சை விழுந்த ஆவணம் தானாகவே போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்விடும். காலமெல்லாம் சிவப்பையே பார்த்த மனிதருக்கு, சரியானவை எங்கே போகும் என்பதே மறந்துபோயிருந்தது.

"அரிய இனமாங்க? எங்க புத்தகத்துல இல்லியே. சாதுன்னு போட்டிருந்ததால முயலுக்குப் பக்கத்துல இடம் ஒதுக்கியிருக்கோம். டயர் ஊஞ்சல் இருக்கு, மூணு வேளை சாப்பாடு."

மேலாளரம்மா இவரைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"அந்த அமைப்பை வெச்சது யாரு?"

"நாந்தாங்க மேடம்."

புது ஸ்கீமாவை ஏற்றி, கேட்காமல் விடும் அமைப்பை அணைத்து, மேலாளரம்மாவின் கண்ணெதிரிலேயே முப்பத்தொன்றையும் மறுபடி ஓட்டினார். இருபத்தொன்பது சிவப்பு. ஒரு மலைப்பாம்புக்குக் கால் நான்கு என்று இருந்தது. மேலாளரம்மா வெகுநேரம் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மேலயே உக்காருங்க" என்றார் கடைசியில். "கவுண்டருக்கு இப்ப நான் யாரைத் தேடுறது?"

சாயங்காலம் வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சினன் மட்டும் சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். எட்டு மாதத்தில் அவன் இவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.

"மூணு வேளையா மாமா? அவசரப்பட்டு ரத்து பண்ணிடாதீங்க."

"ரத்து பண்ணியாச்சு மாப்ளே. ரத்துக்கும் படிவம் இருக்கு. காரணம்னு மூணே சொல்தான் ஏத்துக்கும். நோய், இறப்பு, தப்பியோட்டம்."

"எதைப் போட்டீங்க?"

"தப்பியோட்டம்."

"நீங்களா? ஓடுனான்னா போட்டீங்க இவனை?" என்று மனைவி மறுபடி சிரித்தாள். "ஊர்ல யாராச்சும் நம்புவாங்களா?"

"பச்சை விழுந்துச்சு" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை மச்சினன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கம்பி. கை நுழைய ஓர் ஓட்டை. வெளியே நின்ற கூட்டம் அவனையே உற்றுப் பார்த்தது. மாடியில் இவர் தொலைபேசியை எடுத்தார். ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி மென்றுகொண்டிருந்தது.

"செல்லாதுங்க" என்றார். எவ்வளவு நாளாயிற்று! "உயரம்... ஆமாங்க, உங்களைவிட ரொம்பத்தான், எனக்கும் இங்கேர்ந்து தெரியுது. எத்தனை மீட்டர்னு சொல்லுங்க."