பதினேழாம் எண் டோக்கன்

அம்மா இறந்து ஒன்பது மாதம். ஒருத்திக்கு மட்டும் சமைக்கப் பிடிக்காமல் மெஸ்ஸில் சாப்பிட்டு வந்தேன். திருவனந்தபுரத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிய தேவாலயம் ஒன்றில் திருவிருந்தை நீள மேசையில் சேர்ந்து உட்கார்ந்து உண்பார்கள் என்று படித்திருந்தேன். ஜனவரியில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. போனேன். காரணம் அவ்வளவுதான்.

நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர். காலைப் பாசஞ்சரில் இரண்டு மணி நேரம். தம்பானூரில் லாட்ஜ், எண்ணூறு ரூபாய். “ஒராளா?” என்று இருமுறை கேட்டார்கள்.

சனிக்கிழமை மூன்றரைக்கு ஆட்டோ. மூன்று கிலோமீட்டர், எழுபது ரூபாய்.

“சாயிப்புப் பள்ளியா சேச்சி? சாயிப்பெல்லாம் எப்பவோ போயி. அவங்க வச்ச மாமரம் மட்டும் உண்டு, கேட்டோ,” என்றார் ஓட்டுநர். அங்கே வெள்ளைக்காரர் சாயிப்பு, தேவாலயம் பள்ளி.

உள்ளே கானா நாட்டு மாணவர்கள் நால்வர், ஒரு கொரியத் தம்பதி, வயதான ஜெர்மன்காரி ஒருவர், இன்னும் சிலர். இருபது பேர்கூட இல்லை. வழிபாடு ஆங்கிலத்தில். இசைக்கருவி கிடையாது. ஒருவர் வரி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பாடுகிறார்கள்.

ஜெபம் முடிந்ததும் கோயில் பணியாளர் ஸ்டீபன் ஆளுக்கொரு ஈய டோக்கன் கொடுத்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்; ஒருவரைக் கூப்பிட்டாலும் ‘மக்களே’ என்கிற எங்கள் ஊர்ப் பேச்சு.

“ஞானஸ்நானம் எடுத்ததுதானே? நாளைக்கு இதத் தந்துட்டுதான் பந்தியில உக்காரணும் மக்களே.”

என்னுடையது பதினேழு.

ஞாயிறு ஒன்பதரை. மேசையில் வெள்ளைத் துணி. ஒவ்வொருவராக டோக்கனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கானா மாணவர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டு, என்னைப் பார்த்தார். பின்வரிசைப் பெஞ்சிலிருந்து நான் எழவில்லை. அப்பம் அந்தக் காலி நாற்காலியைத் தாண்டிப் போனது. கடைசிப் பாட்டுக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் ஸ்டீபன் ஓடிவந்தார். டோக்கனை நீட்டினேன். வாங்கவில்லை.

“இதுக்கு வரல்ல. டோக்கன் திரும்பலன்னா ஆளுக்கு என்னமோ சங்கடம்னு அர்த்தம். போய் விசாரிக்கணும், சாயிப்புமாரு வச்ச முறையாக்கும். என்ன மக்களே சங்கடம்?”

ஒன்பது மாதத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“உக்காந்தா அழுதிருவேன்.”

“அழுதா என்ன? அந்த ஜெர்மன்காரி எல்லாத் தடவையும் அழும். கர்ச்சீப்பு என்கிட்டதான் வாங்கும். திருப்பித் தராது.”

சிரித்துவிட்டேன். பிறகு அங்கேயே அழுதேன். அவர் கர்ச்சீப்பைத் தேடினார். அதுவும் ஜெர்மன்காரியிடம்.

“அடுத்த பந்தி ஏப்ரல்ல. டோக்கன் உன் கையிலயே இருக்கட்டும்.”

போக நினைப்பவர்களுக்கு: திருவிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். முந்தைய நாள் நான்கு மணி ஜெபத்துக்குப் போகாமல் டோக்கன் கிடைக்காது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கர்ச்சீப் கொண்டுபோங்கள்.

பதினேழாம் எண் உங்களுக்கு வராது. அது என் சமையலறை மேசையில் இருக்கிறது. ஏப்ரலுக்கு லாட்ஜில் சொல்லிவைத்துவிட்டேன். ஒராள்தான்.