ஒரு தடவையும் மூன்று தடவையும்

கலைமதி திருச்சியில் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கிறார். வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் போகிற ரோட்டில். அப்பா அழகிரி அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே கட்சி. தேர்தல் வந்தால் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சுவர் எழுதக் கிளம்பிவிடுவார். மகள் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. தனக்கு அரசியலே கிடையாது என்று கலைமதி நம்பிக்கொண்டிருந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன் மருங்காபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தண்ணீர் பாட்டில் வந்தது. மேற்குத் தெருவில் ரெங்கராஜ் என்பவர் தன் கட்சிக்காரர்களைப் பிடித்துப் போட வைத்த ஆழ்துளைக் கிணறு அது. அப்பாவுக்கு ஆகாத கட்சி என்பது பாட்டிலைக் கொண்டுவந்தவர் சொன்னதிலேயே தெரிந்தது. லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தது. ஒன்றரைக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், நாள்பட்டால் எலும்பையும் பிடிக்கும். விதிப்படி ஒரு சோதனை போதும். கலைமதி கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பஞ்சாயத்தில் குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக அந்தப் பம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள். மறுநாளே தெருக்காரர்கள் அதன்மேல் நல்ல தண்ணீருக்கான நீலத்தை அடித்தார்கள். ரெங்கராஜ் எல்லாரும் பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். லேபில் இருப்பது யார் மகள் என்று விசாரித்து, அதையும் ஊருக்குச் சொன்னார். அவர் தெரு அந்தத் தண்ணீரையே தொடர்ந்து குடித்தது.

போன வருடம் அதே ஊரின் கிழக்குத் தெருவிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. அப்பா கட்சியின் கிளைச் செயலாளர் பிச்சைமுத்து இரண்டு வருடம் அலைந்து வாங்கிய கிணறு என்று கொண்டுவந்தவர் சொன்னார். மீட்டர் மூன்று புள்ளி இரண்டு காட்டியது. கலைமதி மீட்டரைச் சரிபார்த்து மறுபடி பார்த்தார். அதே எண். புதிதாகக் கரைசல் கலக்கி மூன்றாவது தடவையும் பார்த்தார். மாறவில்லை. பாட்டிலைக் கழுவி வைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. முதல் கிணற்றை இத்தனை தடவை பார்க்கத் தனக்குத் தோன்றவே இல்லை.

கிராம சபைக் கூட்டத்தில் முடிவைச் சொல்ல அவரையே அனுப்பினார்கள். எண்ணைச் சொன்னதும் பிச்சைமுத்து எழுந்தார்.

"உங்க அப்பாவ எனக்கு நல்லாத் தெரியும்மா. அவரு பொண்ணு இப்படிச் சொல்லலாமா? மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும், பாருங்க."

"மூணு தடவ பாத்தேங்க. மிஷின் சரியாத்தான் இருக்கு."

பின்வரிசையில் இருந்த ரெங்கராஜ் மெதுவாகக் கேட்டார். "எங்க கிணத்த எத்தன தடவ பாத்தீங்க?"

ஒரே மாதிரிதான் பார்த்தோம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கலைமதி கையிலிருந்த தாளை மடித்தார்.

"ஒரு தடவங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. இதைத்தான் ஐந்து வருடமாகச் சொல்கிறோம் என்று ஒருவர் சத்தம் போட்டார். கலைமதி அது அடங்கும்வரை நின்றார்.

"நான் செஞ்சது தப்புதாங்க. உங்க கிணத்துத் தண்ணியயும் இன்னிக்கு எடுத்துட்டுப் போறேன். மூணு தடவ பாக்கறேன். நீங்களும் கூட வந்து பாருங்க."

அடுத்த வாரம் ரெங்கராஜ் பஸ் ஏறி வந்தார். பிச்சைமுத்துவையும் அழைத்திருந்தார்கள், அவர் வரவில்லை. மூன்று தடவையும் எண் மூன்றை ஒட்டியே நின்றது. ரெங்கராஜ் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

"எம் பேத்தி சிரிக்கறப்ப வாயப் பொத்திக்குதுங்க" என்றார். "பல்லுல கறையப் பாத்து, வெத்தல பாக்குப் போட்டுப் பழகிடுச்சோன்னு அதட்டியிருக்கேன்."

மேற்குத் தெரு இப்போது குடிப்பதற்குக் காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கிறது. ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கிழக்குத் தெருவில் அடித்த சிவப்பு பெயிண்ட் ஒரு வாரம் தாங்கவில்லை. லேப் பெண்ணை எதிர்க்கட்சி வளைத்துவிட்டது என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் பேச்சு அழகிரியின் காதுக்கும் போனது. சாப்பிடும்போது மகளிடம் கேட்டார். "கட்சி மேல உனக்கு என்ன கோவம்?"

"ஒரு கோவமும் இல்லப்பா. அந்தத் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். சரியாகப் பேச இரண்டு மாதம் ஆயிற்று. பேசத் தொடங்கிய பிறகும் அந்தக் கிணற்றுப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

கூட வேலை பார்க்கும் ஷெர்லினிடம் கலைமதி ஓர் ஏற்பாடு சொல்லியிருக்கிறார். பாட்டில்கள் வந்ததும் ஷெர்லின் ஊர்ப்பெயரைக் கிழித்துவிட்டு எண் மட்டும் ஒட்டுவார். சோதனை முடிந்து எழுதிய பிறகே எந்த ஊர் என்று சொல்வார். அப்படியும் சில நாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது எந்தப் பக்கத்துத் தண்ணீராக இருக்கும் என்று கலைமதியின் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. அப்போது பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொள்கிறார்.