மாமியார் முதுகில் எங்கள் சுவர்

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். மாப்பிள்ளையை ராசிபுரம் தேர்த் திருவிழாவில் ஒரு தடவை பார்த்திருந்தேன். ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு பெண் அதை வாய்விட்டுச் சொல்லும் காலமா அது?

முதலில் எங்கள் வீட்டார் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்த அப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கூடத்துக்கு நட்டநடுவில் பாய் போட்டு உட்கார வைத்தார்களாம்.

"செவுத்துல சாஞ்சு உக்காரக் கூட உடலியே! அத்தன கெவுரதையா?" என்று பொருமினார். அந்தச் சுவர் நீலப் பெயிண்டில் பளபளத்தது அவரை இன்னும் உறுத்தியது.

அடுத்த வாரம் அவர்கள் வருவதற்குள் எங்கள் கூடமும் பளபளக்க வேண்டுமென்று சேலம் போய்ப் பச்சைப் பெயிண்டு வாங்கி வந்தார். எங்கள் சுவரோ லேசுப்பட்டதல்ல. பொங்கலுக்குப் பொங்கல் பழசின் மேலேயே சுண்ணாம்பு அடித்து அடித்து, தட்டுவடை போலச் சொரசொரவென்று தடித்துக் கிடந்தது. தொட்டால் சில்லு சில்லாக உதிரும்.

"ஏனுங்க, பழசச் சொரண்டிப்போட்டு அடிங்க. இல்லீன்னா நிக்காதுங்க" என்றாள் அம்மா.

"எங்கப்பன் அடிச்ச சுண்ணாம்பு. அதையப் போயிச் சொரண்டறதா?"

பாதி பக்தி, மீதி சோம்பல். பெயிண்டு அப்படியே ஏறியது.

அவர்கள் வந்தார்கள். அப்பா வேண்டுமென்றே சுவரோரம் பாயை விரித்து, "நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்று உபசரித்தார். மாப்பிள்ளையின் அம்மா நல்ல ஆகிருதி. அவரும் நன்றாகவே சாய்ந்தார். நான் மோர் கொண்டுவந்ததும் என்னைப் பக்கத்தில் பார்க்க எழுந்தார். சடசடவென்று ஒரு சத்தம். முழுசாகக் காயாத பச்சைப் பெயிண்டு, எங்கள் வீட்டுப் பழைய பொங்கல்களின் சுண்ணாம்போடு, முறம் அகலத்துக்குப் பெயர்ந்து அவருடைய பட்டுச்சேலையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

எனக்குச் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் முட்டியது. என் கல்யாணமே அந்த முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கையைப் பின்னால் விட்டு ஒரு சில்லைப் பிய்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கணவரிடம், "பாத்தீங்களா, இவங்களுஞ் சொரண்டலீங்க!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அம்மாவின் பக்கம் திரும்பி, "எங்கூட்ல பாய நடுவுல போட்டது இதுக்குத்தானுங்க, சம்பந்தியம்மா. நீங்க சாஞ்சா எங்க மானம் போயிருமேன்னு பயந்துக்கிட்டே இருந்தமுங்க" என்றார்.

அப்பா சுவரைப் பார்த்து அசடு வழிந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா 'சம்பந்தியம்மா' என்று சொன்னது என் காதில்தான் முதலில் விழுந்தது.