மஞ்சு படித்த செய்தி

சுண்ணாம்புக்குளத்து மஞ்சுவுக்கு எது கையில் கிடைத்தாலும் படித்தாக வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். முப்பத்தெட்டு வயதுவரை பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்தவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் தண்ணீருக்குள் பேச்சு கிடையாது. கரையேறியதும் கூட வரும் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்வார்கள். போனில் படித்ததையெல்லாம் சொல்வாள்: எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது, வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம், பூநாரை சிவப்பாவது அது தின்னும் தீனியால்.

"இறாலுக்கு இருதயம் தலைல கீதாம்" என்று அவள் சொன்ன அன்று, பக்கத்து வீட்டு முனியம்மா கையிலிருந்த இறாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போன வருஷம் மாசியில் ஒரு கட்டுரை படித்தாள். முகத்துவாரத்தை மண் மூடி வருகிறது, ஏரி மேடாகிறது, கடல்தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சும் வராது என்று எழுதியிருந்தார்கள். மற்றதைப் போலவே இதையும் சொன்னாள். கேட்ட பெண்கள் பறியைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்கள்.

சித்திரையில் இறால் அற்றுப்போனது.

"நீ வாய வெச்ச, ஏரி செத்துச்சு" என்றாள் முனியம்மா, தெருவில் எல்லோர் முன்னாலும்.

"நான் இன்னாக்கா பண்ணேன்? போட்டிருந்தத படிச்சேன்."

"இன்னாத்துக்குப் படிச்ச?"

மஞ்சு வீட்டுக்குள் போய் போனில் அந்தக் கட்டுரையை மறுபடி தேடி எடுத்தாள்.

பொன்னேரியில் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து, முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதி, குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போனாள். அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். தாளைப் பார்த்ததும், "இத நானும் படிச்சேம்மா" என்றார்.

"படிச்சிட்டு, சார்?"

அவர் மனுவில் சீல் வைத்து, மேலே அனுப்புவதாகச் சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தெரிந்துவிட்டால் காரியம் நடந்துவிடும் என்றுதான் அவள் அதுவரை நம்பியிருந்தாள். பஸ்ஸில் அழுகைகூட வரவில்லை.

ஆடியில் எளாவூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் வேன் வந்து பெண்களை ஏற்றிப் போனது. பண்ணை இறாலைத் தோலுரிக்கும் வேலை. பத்து நாள் மஞ்சு தனியாக ஏரியில் இறங்கிப் பார்த்தாள். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது, அதுவும் சூடாக. பதினோராம் நாள் அவளும் வேனில் ஏறினாள். முனியம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஐஸில் ஊறி ஊறி விரல்நுனிகள் வெடித்துவிட்டன. தேய்த்தால் போன் திரை நகர்வதில்லை. ஒருநாள் மகள் அனிதா, "நான் படிச்சிக் காட்டட்டாம்மா?" என்று கேட்டாள்.

"வாணாம்டி" என்று மஞ்சு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.